காலி லேது

ஒரு விரலால் திருப்பலாம் என்றான் ஷோரூம் பையன்.
திருப்பியும் காட்டினான்.
சுண்டு விரல்.
மண் படாத, கிரீஸ் ஏறாத சுண்டு விரல்.

பொய் சொல்லவில்லை அவன்.
மூன்று மாதமாக என் தோள்பட்டை
ராத்திரியில் என்னை எழுப்புவதில்லை.
பழைய வண்டியின் ஸ்டியரிங்கோடு
வளைவுக்கு வளைவு மல்லுக்கட்டி
வீ.கோட்டா மலை இறங்கி வந்த நாட்களில்
சோறு பிசையக் கை வராது.
அதற்காக நான் அழப்போவதில்லை.
விற்றேன், அதன் கடனையும் அடைத்தேன்.

ஆனால் பழையது வாயாடி.
சரளை என்றால் சரளை என்று உள்ளங்கையில் சொல்லும்.
நனைந்த தார், புதுத் தார்,
நேற்று எவனோ கவிழ்த்துவிட்டுப் போன தக்காளிக் கூழ்,
எல்லாவற்றுக்கும் தனித்தனி நடுக்கம் வைத்திருந்தது.
புதியது
பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி.
எதைக் கேட்டாலும்
ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறோம்.

புதன்கிழமை, விடியவில்லை.
மண்டியில் வெங்கட்ரமணப்பா எண்ணி ஏற்றிய
எழுபது கிரேட்.
முதல் கொண்டை ஊசியில் வண்டி
எண்ணெயில் விரல் விட்டதுபோலத் திரும்பியது.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில், பால் கேன் கட்டிய பைக்கில் ஒருவர்
பக்கத்தில் ஒட்டி வந்து கத்தினார்:
"காலி லேது! காலி லேது!"

காலி இல்லையாம்.
ஆமாங்க, காலி இல்லை,
முழு லோடு,
உங்க ஊர்த் தக்காளிதான்
என்று சிரித்துக் கையாட்டினேன்.

தலையில் அடித்துக்கொண்டார்.
முன்னே போய்ப் பைக்கைக் குறுக்கே நிறுத்தி
என் இடது முன் சக்கரத்தைக் காட்டினார்.

பதினெட்டு வருஷமாக இந்த எல்லையைத் தாண்டுகிறேன்.
தெலுங்கில் விலை பேசுவேன், திட்டுவேன், கடன் சொல்வேன்.
காலி என்றால் அங்கே காற்று என்று
தெரியாதவனா நான்?
அந்த நேரம் காது தமிழில் இருந்தது.

டயர் ரிம்மைச் சுற்றி ஈரத்துணியாய்க் கிடந்தது.
எத்தனை கிலோமீட்டராகவோ.
வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கும்.
இழுக்க இழுக்க உள்ளே ஒரு மோட்டார்
என்னைக் கேட்காமல் நேர் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறது,
அப்பாவுக்கு நெஞ்சுவலி என்பதைப்
பரீட்சை முடியும்வரை
பையனிடம் மறைக்கிற வீடு போல.

ஜாக்கி போடும்வரை டார்ச் பிடித்தார் பால்காரர்.
வெளிச்சம் ஒருமுறை நழுவிப்
பள்ளத்தில் விழுந்தது. அடி தெரியவில்லை.
ஒரு கிரேட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எங்கள் தோட்டமே தக்காளிதான், விலைதான் இல்லை
என்று பைக்கை உதைத்தார்.

ராத்திரி தெபோராளிடம் சொன்னேன்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
மேல்தோல் ஒட்டுகிறாள், பதினோரு வருஷம்.
பசை, தின்னர்.
விரல் நுனியில் உணர்ச்சி போய் இரண்டு வருஷம்.
ஒருநாள் தோசைக்கல்லைத் தொட்டவள்
வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"விரல் சொல்லாது," என்றாள்.
"நான் சத்தத்தைக் கேட்பேன்.
இழுத்துப் பார்க்கையில்,
பசை பிடித்த தோல் முனகும்.
பிடிக்காதது சும்மா வந்துவிடும்."
பிறகு கறிவேப்பிலை உருவ உட்கார்ந்தாள்,
ஒவ்வொரு இலையையும் கண்ணால் பார்த்து.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில்
அவள் எப்படி உருவுகிறாள் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் பாட்டை அணைத்தேன்.
கண்ணாடியை முழுக்க இறக்கினேன், பல் கிட்டியது.
சரளை பொரிகிறது.
ஈரம் சீறுகிறது.
காற்றுக் குறைந்த டயர் என்ன சொல்லும் என்பது
இன்னும் பிடிபடவில்லை.

அதனால் ஐந்தாவது வளைவில் ஓரம்கட்டி இறங்கி
நாலையும் உதைத்துப் பார்க்கிறேன்.
பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
இடது முன் சக்கரத்தை
இன்னொரு தடவை உதைக்கிறேன்.