நாலாம் ரோதை பற்றி எழுநூறு சொற்கள்

எழுநூறு சொல். இரண்டு படம். ஓர் அட்டவணை.
காலாண்டு இதழுக்கு இவ்வளவுதான் வேண்டும்.
"பழுதானது எப்படி என்று எல்லாரும் எழுதுறாங்க.
பழுதாகாமல் இருந்தது எப்படி என்று எழுதுங்க"
என்கிறார் கொழும்பிலிருந்து ஆசிரியர் நிரோஷினி.
நடக்காததை எந்தப் பக்கமிருந்து படம்பிடிப்பது?

லிந்துலைக்கு மேலே,
மழை பள்ளத்திலிருந்து ஏறிவரும் இடத்தில்
எங்கள் பெக்டரி.
மாலையில் லொறியில் வந்த கொழுந்து
மாடியில் கிடந்து வாடி
விடியப்புறம் இரண்டு மணிக்கு ரோதைக்கு இறங்கும்.
எனக்கு எழுத வருவதும் அந்நேரம்தான்.
ஸ்பானர்களை ஒதுக்கிவிட்டு,
பழைய லொக் புத்தகத்தின் பின்பக்கத்தில்.

முதல் வரி:
"ஒரு தாங்கி சாவதற்கு முன் மூன்று தடவை பேசும்."
இதை வெட்டுவார்.
இயந்திரம் சாகாது, செயலிழக்கும்.
பேசாது, அதிர்வு கூடும்.
தாங்கி என்றால் இங்கே எவருக்கும் விளங்காது,
பெயாரிங் என்றால் அங்கே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.
இரண்டையும் எழுதினால் சொல் கூடிப்போகும்.

இரண்டாம் பந்தி.
போன வருசம் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில்
நாலாம் ரோதை இரண்டு பெயாரிங் தின்றது.
உள்வளையம் நீலம் பாரித்திருந்தது,
பாம்பு தீண்டிய விரல்போல.
(விரலை அடித்துவிட்டேன்.)
காரணம்: மசகு இன்மை.
மசகு இன்மைக்குக் காரணம்:

பேனா நிற்கிறது.

கிரீஸ் கேட்டு நான்கு சீட்டு எழுதினேன்.
நான்கும் திரும்பி வந்தன,
"அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற சிவப்பு மையோடு.

ஆடியில் ரோதைமுனிக்குப் பூசை.
அரை நாள் எல்லா மெஷினும் நிற்கும்.
கோழி இரண்டு, தேங்காய் ஏழு,
சாராயம் ஒரு போத்தல், சுருட்டு ஒரு கட்டு.
சடாச்சரம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
சாம்பிராணிக்கும் கற்பூரத்துக்கும் நடுவில்
கை தன்பாட்டில் எழுதியது:
கிரீஸ், ஐந்து கிலோ டின் இரண்டு.
துரை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.
முனியின் கணக்கை வெட்ட
இந்தத் தோட்டத்தில் எந்தத் துரைக்கும் துணிவு வந்ததில்லை.

கோழி வேகும் வாசத்தில்
நாங்கள் மூன்று பேர் ரோதைகளைத் திறந்தோம்.
கறுத்த மசகை வழித்தோம்,
மண்ணெண்ணெயில் கழுவினோம்,
அளந்தோம், நிறைத்தோம், மூடினோம்.
சடாச்சரம் காதை வைத்துக் கேட்டு
"இப்ப தூங்குது" என்றான்.
ஐப்பசி. மார்கழி. பங்குனி.
லொக் புத்தகத்தில் நாலாம் ரோதைக்கு நேரே
கோடு, கோடு, கோடு.

இப்போது மாதம் ஒரு பூசை, முதல் வெள்ளி, ஒரு மணிநேரம்.
ஆட்களுக்குப் பக்தி கூடிவிட்டதென்று
துரைக்கும் சந்தோஷம்.

முனிக்கு ஏன் இத்தனை பயம் என்று எழுத
எழுநூறு சொல் போதாது.
மாணிக்கவேலின் வலது கை
விபத்துப் பதிவேட்டில் இருக்கிறது,
பராமரிப்புப் பதிவேட்டில் இல்லை.
அவர் இப்போது கேட்டில் நின்று
இடக்கையால் லொறி நம்பர் எழுதுகிறார்.
இந்தப் பந்தியை அனுப்பவில்லை.

அட்டவணை மட்டும் மிச்சம்.
பகுதி: நாலாம் ரோதை, கீழ்ப் பெயாரிங்.
இடைவெளி: முப்பது நாள்.
அளவு: நாற்பது கிராம்.
பொறுப்பு:
என் பெயரைப் போட்டால் சீட்டுக் கதை வெளிவரும்.
ஸ்டோர்காரர் பெயரைப் போட்டால் பொய்.
மணி நாலரை, காற்றாடிகள் நின்றுவிட்டன.
எழுதினேன்: ஆர். முனி.

அடுத்த கிழமை போன் வந்தது.
"கட்டுரை நல்லா இருக்கு. சாவை மட்டும் வெட்டிட்டேன்.
இந்த ஆர். முனி, அவரோட பதவி என்ன?
படம் ஒன்று கிடைக்குமா?"

ரோதைக்குப் பின்சுவரோரம் கல் நிற்கிறது.
குங்குமத்துக்கு மேலே
யாரோ கிரீஸ் கையைத் துடைத்திருக்கிறார்கள்.
"இரவு வேலை," என்றேன். "படம் எடுக்க விடமாட்டார்."
"கூச்சமா?"
"கோபக்காரர்."