யார் கையில் இருந்தது

இரண்டு பேரையும் எனக்கு டயர் வழியாகத்தான் தெரியும்.
ஹால்டோர் இறங்கினால்
இடது சக்கரத்தின் வெளி ஓரம் தேய்ந்திருக்கும்.
தூருன் இறங்கினால் பிரேக்கைத் தொட முடியாது.
வாட்சோ நிலையத்தில் பதினோரு குளிர்காலம்,
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போர் விமானத்திலிருந்து வந்தவர்.
காபி இயந்திரத்தின் முன் நிற்பதுகூட
அணிவகுப்பில் நிற்கிற மாதிரி.
"தலைகீழாக மேகத்துக்குள் போய்
நேராக வெளியே வந்து பார், அப்புறம் பேசு" என்பார்,
யாரும் பேசாதபோது.

அவள் மீன் தொழிற்சாலையிலிருந்து வந்தவள்.
ஒரு மணி நேரம் பறந்து பழக
நாற்பது பெட்டி காட் மீன் அறுக்க வேண்டும்;
அந்தக் கணக்கு வெள்ளைத் தழும்புகளாக
இன்னும் இருக்கிறது இடது கட்டைவிரலில்.
"எரிபொருள் அரசாங்கத்துடையது.
நாற்காலிக்கு அடியில் வெடிமருந்து வேறு,
பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம்.
என் முதுகுக்குப் பின்னால் முப்பது பேர்
ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறார்கள்" என்பாள்,
சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே.

ஜனவரி. சூரியன் விடுப்பில் இருந்த ஒரு மதியம்.
துணை விமானிக்குக் காய்ச்சல் என்று
பட்டியல் போடுகிறவன்
இருவரையும் ஒரே காக்பிட்டில் உட்காரவைத்துவிட்டான்.
போகும்போது வானம் சும்மா இருந்தது.
திரும்பும்போது
வராங்கர் கடலைப் பாதி வாரிக்கொண்டு வந்தது காற்று.

முதல் முறை வந்தார்கள், தொடாமல் எழும்பிப் போனார்கள்.
என் தேர்மாஸில் மூடி நடுங்கியது.
இரண்டாம் முறை
மூக்கு மலையைப் பார்க்க, உடம்பு எங்களைப் பார்க்க
நண்டு மாதிரி வந்தது விமானம்.
கடைசி நொடியில் நேரானது.
ஒரு சக்கரம் தொட்டது,
அப்புறம் இன்னொன்று,
அப்புறம் என் வயிற்றில் ஏதோ ஒன்று.

பயணிகள் படியில் இறங்கினார்கள், மெதுவாக.
ஒருவர் அங்கேயே சிகரெட் பற்றவைத்தார்.
யாரும் தடுக்கவில்லை.

பதிவேட்டில்
'கடினமான தரையிறக்கம்' என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.
"யார் ஓட்டினது?"

"அவள்" என்றார் அவர்.
"அவர்" என்றாள் அவள்.
ஒரே நேரத்தில்; ஒருவரையொருவர் பார்க்காமல்.

தலையில் வைத்தது பழியா, மகுடமா
ஒற்றைச் சொல்லில் எப்படிப் பிடிப்பது?
உள்ளே போய்விட்டார்கள்.
காபி இயந்திரத்தின் உறுமல் கேட்டது,
பேச்சுக் கேட்கவில்லை.

டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
இடது சக்கரம், வெளி ஓரம்,
நூல் தெரியத் தேய்ந்திருந்தது.
பிரேக்கின் மேல் பனி விழுந்து
சொய்ங் சொய்ங் என்றது.

கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
காலை ஏழரைக்கு அடுத்த பயணம்.
ஜாக்கியைத் தேட வேண்டும்,
போன வாரம் யார் எடுத்துப் போனார்கள் என்று
அதற்கும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.