மூடியில் ஒரு சொட்டு

என் வீட்டுச் சுவரிலிருந்துதான் எடுத்தேன் அதை.
பாயா தெருபோங், பதினேழாம் மாடி,
அலமாரிக்குப் பின்னால்
மழை ஊறிய மூலையில்
கறுப்பாய்ப் பூத்திருந்தது.
பஞ்சுக்குச்சியால் ஒரு தொடல், அவ்வளவுதான்.
குளுகோர் ஆய்வகத்தில் அதற்கு எண் கிடைத்தது: கே-9.
விலாசம் கேட்டார்கள்.
வாடகை வீடு என்று மட்டும் எழுதினேன்.

உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரை, அகார்.
அன்று காலை நான் தின்றதைவிட நல்ல சாப்பாடு.
தட்டின் நடுவே கடுகளவு வைத்தால்
இரண்டாம் நாள் ஐந்து சென் காசு,
மூன்றாம் நாள் ஐம்பது சென்,
ஏழாம் நாள் தட்டைக் காணோம்,
கறுப்பு மட்டும்.

கிராம்பு பாலிக் புலாவிலிருந்து வந்தது.
மலைச்சரிவில் சியா கொக் வாவின் தோட்டம்.
சிவக்கத் தொடங்கியதுமே பறித்துவிட வேண்டும்,
விரிந்துவிட்டால் யாரும் வாங்கமாட்டான் என்றார்,
தார்ப்பாயில் காய்வதைக் காலால் புரட்டிக்கொண்டே.
இரண்டு கிலோ, பூக்க விடாத பூ.
நான்கு மணி நேரம் ஆவியில் வடித்தேன்.
எண்ணெய் மிதக்கும் என்று காத்திருந்தால்
குடுவையின் அடிக்குப் போய் மஞ்சளாய் உட்கார்ந்தது.
தண்ணீரைவிடக் கனம்.

தொடவே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.
மூடியின் உட்புறம் ஒரு காகித வில்லை,
அதில் ஒரு சொட்டு.
கீழே பூசணம்.
நடுவே விரற்கடைக் காற்று.
எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது,
வாசம்தான் இறங்கிப் போனது.

பூசண இழையின் தோலில்
எர்கோஸ்டீரால் என்று ஒரு கொழுப்பு,
கல்லுக்கு நடுவே சுண்ணாம்பு மாதிரி
இறுக்கிப் பிடித்திருக்கும்.
யூஜெனாலுக்குத் தண்ணீர் ஆகாது, கொழுப்பென்றால் உயிர்.
நுழைகிறது, நெகிழ்த்துகிறது,
உள்ளே சேர்த்து வைத்த உப்பெல்லாம்
ஒழுகிவிடுகிறது.
நுண்ணோக்கியில் பார்த்தேன்:
மதியம்வரை மூடாமல் கிடந்த இடியாப்பம்.

குடியிருப்பதற்கும் வாசம் என்றுதான் பெயர்.
ஒரு வாசம் வந்து
இன்னொரு வாசத்தைக் காலி செய்யச் சொன்னது.
மரம் நமக்காக மணக்கவில்லை.
பிரியாணியில் கடிபட்டதும்
முகம் சுளித்து ஓரம் வைக்கிறோமே,
அது அதன் ஆயுதம்.
பூக்கக் கிடைக்காத மொக்கு
எதையும் பூக்க விடவில்லை
என்று நோட்டில் எழுதி,
இது அறிவியல் இல்லையென்று அடித்தேன்.

ஐந்தாம் தட்டில் ஏழு நாளும் சுழியம்.
சுவருக்குத் தெளிப்பான் செய்யும் கம்பெனி
அறிக்கைக்குக் காத்திருந்தது.
மாத்தி என்று போட்டுவிடு, என்றார் டாக்டர் இங்.
மலாயில் செத்தது என்று அர்த்தம்.
என் காதில் அது
மாற்றி எழுது என்றே விழுந்தது.

அடங்கிக் கிடந்த அந்தக் கடுகை எடுத்து
எண்ணெய் காணாத புதுத் தட்டில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
நான்காம் நாள்
ஒரு வெள்ளை நூல்.

பத்து மடங்கு எண்ணெய் வைத்த தட்டில்
நூல் வரவில்லை, அதையும் எழுதினேன்.
ஆனால் அவ்வளவு எண்ணெயோடு
எந்த மனிதரும் ஓர் அறையில் உறங்க முடியாது.
ஐந்தாம் தட்டுக்கு:
வளர்ச்சி நின்றது, ஆவி இருக்கும்வரை.
டாக்டர் இங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.
கையெழுத்து இன்னும் வரவில்லை.

மிஞ்சியதைச் சுவருக்குத் தேய்த்தேன்.
மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மஸ்னா கேட்டாள்,
பல் பிடுங்கினாயா என்று.
கறை இருந்த இடத்தைச் சுற்றி
பென்சிலால் வட்டம், பக்கத்தில் தேதி.

நேற்றிரவு மழை சாய்ந்தடித்தது.
இப்போது மணி ஆறு.
அளவுகோலை வாயில் கவ்விக்கொண்டு
அலமாரியை நகர்த்துகிறேன்.