இருநூற்றறுபது டிகிரி

ராத்திரி ஷிஃப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும்
காலணிகூடக் கழற்றாமல் முதலில் அங்கேதான் போவேன்.
தெலுக் கும்பாரில் எங்கள் தாமானின் கடைசி வீடு.
வேலிக்கும் குன்றுக்கும் நடுவே
எட்டு மரம் நிற்க இடம்.

ஏழு மரத்துக்கு ஒன்றுமில்லை.
ரம்புத்தான் தன்பாட்டுக்குச் சிவக்கிறது.
ஜம்பு உதிர்ந்து கொட்டுகிறது, பெருக்கி மாளவில்லை.
எட்டாவதுதான், ஆங் ஹே,
பாலிக் புலாவில் அறுபத்தைந்து வெள்ளி கொடுத்து
மடியில் வைத்துக் கொண்டுவந்த டுரியான் கன்று,
என் தோள் உயரத்தில் நின்றுவிட்டது.
இலை சிறுத்து, அடிப்பக்கத்துச் செம்பு நிறம் மங்கி,
நுனியிலிருந்து ஒரு மஞ்சள்
கடன்காரன் மாதிரி தினமும் கொஞ்சம் உள்ளே வருகிறது.

பக்கத்து வீட்டு ஆ லான் சொன்னாள்: தண்ணீர் அதிகம்.
எதிர்வீட்டு ஹம்சா: தண்ணீர் போதாது.
மகள் போனில் படம் எடுத்துப் பார்த்தாள்;
மூன்று நோய் காட்டியது, மூன்றுக்கும் ஒரே படம்.
உரக்கடைக்காரர் நீலப் பொடி ஒன்று விற்றார்.
என் வீட்டுக்காரர் தனகோபால் எதுவும் சொல்லவில்லை,
பொடியின் விலையை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான்.
பாயான் லெப்பாசில் பதினேழு வருஷம்,
மைக்ராஸ்கோப்புக்குக் கீழே நகக்கண் அளவுச் சில்லுகள்.
ஒரு கம்பி முடியளவு விலகினாலும் பிடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரி உட்கார்ந்தேன்,
பாயை விரித்து, லென்சும் கையுமாக.
இலையடியில் பூச்சி இல்லை, முட்டை இல்லை.
பட்டையை நகத்தால் கீறினேன்: உள்ளே பச்சை.
வேரோரம் தோண்டி முகர்ந்தேன், மழை மண்தான்.
அப்புறம், நானே குவித்து வைத்த சருகையும் தேங்காய் நாரையும்
கையால் விலக்கினேன்.

தண்டு அங்கே இரண்டு பருமனாக இருந்தது.
மேலே வீங்கி, கீழே மெலிந்து,
நடுவில் ஓர் இடுக்கு,
அரைஞாண் இறுகிய குழந்தையின் இடுப்பு மாதிரி.
இடுக்குக்குள் ஏதோ தேன் நிறத்தில் மின்னியது.

தெரிந்துவிட்டது. இருந்தாலும் லென்சை வைத்துப் பார்த்தேன்.

ஒட்டுக்கட்டை மூன்று மாதத்தில் அவிழ்க்கச் சொல்லித்தான் கொடுத்தான்.
போன வருஷம் குன்றிலிருந்து காற்று இறங்கி
வாழையை முறித்துப்போட்ட மறுநாள்,
ஒட்டு பிரிந்துவிடுமோ என்று
மேலே இன்னும் நாலு சுற்று சுற்றினேன்.
கடை டேப் இல்லை. கம்பெனி டேப்.
சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்துவந்தது.
கடை டேப் என்றால் வெயிலில் தானே இற்றுப்போயிருக்கும்.
இது இருநூற்றறுபது டிகிரி உலைக்குள் போய்வந்தாலும்
இளகாது.
நானே சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்ட சரக்கு.

சவரக்கத்தியால் நெடுக்காகக் கீறினேன்.
பட்டைக்குள் புதைந்த இடத்தில்
மரமும் கொஞ்சம் கூடவே வந்தது.
தனகோபால் குடை பிடித்தார், மழைக்கு அல்ல, வெயிலுக்கு.
"பூச்சியா?"
"இல்லை."
"அப்புறம்?"
கம்பெனிப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு,
பதினேழு வருஷமாக மற்றவர்கள் பெயரை எழுதிய கட்டம்.
"டேப்," என்றேன்.

ஒட்டுக்குக் கீழே, சருகுக்குள்ளிருந்து,
ஒரு தளிர் விட்டிருக்கிறது.
போன மாதம் அதைப் பார்த்துவிட்டு, பிழைத்துக்கொண்டது என்று
ஆ லானுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.
அது ஆங் ஹே இல்லை. அடிக்கன்று,
யாரோ தின்று துப்பிய கொட்டையின் பிள்ளை.
மேலே உள்ளது பிழைக்க வேண்டுமென்றால் இதை நறுக்க வேண்டும்.
மேலே உள்ளது போய்விட்டால் இதுதான் மரம்.

கத்தி கையில் இருக்கிறது.
ஆறரைக்கு பஸ்.
விரலில் ஒட்டிய டேப்பை உதறுகிறேன்,
அடுத்த விரலுக்குப் போகிறது.