பிரிக்ஸ் பதினாலு

உதடு வெடித்து மூன்று வருஷம்.
நாலு டாக்டர், ஏழு களிம்பு.
முழங்கை மடிப்பில்
மழை காணாத செம்மண்ணாய்த் தடித்துக் கிடந்தது தோல்.
தூக்கத்தில் சொறிவேன்.
விடிந்தால் நகக்கண்ணில் ரத்தம்.

ஈரலில் வைட்டமின் ஏ தேங்கியிருக்கும்,
வடியட்டும், எல்லாத்தையும் நிறுத்திப் பார்
என்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள்.
அவளுக்கு ஆறு மாதத்தில் சரியானதாம்.
ராயக்கோட்டை ரோட்டுத் தோல் டாக்டர் சிரித்தார்:
"பத்தலைன்னு ஊரெல்லாம் ஊத்திக்கிட்டிருக்காங்க,
நீங்க கூடிப்போச்சுன்னு வர்றீங்க."
ரத்தம் பார்க்கச் சீட்டு எழுதினார்.
விலை கேட்டேன்.
சீட்டு இன்னும் அரிசி டப்பாவில் இருக்கிறது.

நிறுத்தினேன்.
கேரட் எனக்கு எப்போதுமே ஆகாது, அது கணக்கில்லை.
பப்பாளி போனது, முட்டை போனது,
ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல்
முனிராஜ் தட்டுக்கு மொத்தமாய்ப் போனது.
கீரை போனபோதுதான் வலித்தது.
கடைசல் இல்லாத தட்டில்
களி உருண்டை ஒண்டியாய் உட்கார்ந்து
என்னைப் பார்த்தது.
கொள்ளு ரசம் ஊற்றினேன்,
மிளகாய்க்குப் பதில் மிளகு.
ரேஷன் பாமாயில் பாக்கெட்டை
ஒருநாள் திருப்பிப் படித்தேன்.
பொடி எழுத்தில், அங்கேயும் ஏ.
பதினைந்து வருஷம் அடுப்படியில் கூடவே இருந்தவனின்
முழுப்பெயர் அன்றுதான் தெரிந்தது.

வேலை மட்டும் மாறவில்லை.
காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஃபாக்டரி,
சோதனை மேசை, என் நாற்காலி.
ஆனி மாதம். கேட்டுக்கு வெளியே
ஒரு கிலோமீட்டருக்கு லாரி, லாரி நிறையப் பெங்களூரா.
கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
கோடு பதினாலில் நிற்க வேண்டும்.
அதற்கப்புறம் நாக்கு.
கருவிக்குப் பிடிபடாத புளிப்பும்
பழுத்துத் தாண்டிய வாடையும் நாக்குக்குத் தெரியும்.
அரை ஸ்பூன், சுழற்று, துப்பு.
'துப்பியாச்சு' கட்டத்தில் கையெழுத்து.
ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது தடவை.

முன்பெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு
விழுங்கிவிடுவேன்.
இந்த வருஷம் நிஜமாகவே துப்பினேன்.
வாளியில் மஞ்சள் ஏறுவதைப் பார்த்த
சூப்பர்வைசர் எத்திராஜுலு சொன்னார்:
"இப்பத்தாம்மா ஒழுங்கா வேலை பாக்குற."

நாலாம் மாதம் உதடு மூடியது.
முழங்கை மடிப்பில்
பிறந்த பிள்ளையின் தோல் மாதிரி ஒன்று வந்தது.
பத்தியமா?
காற்று திரும்பியதா?
அந்த சீசனில்தான் ஃபாக்டரியில்
முதல்முறையாகக் கையுறை கொடுத்தார்கள்,
காம்பில் வடியும் மாம்பால் கையில் படாமல். அதுவா?
முனிராஜ் பத்தியம்தான் என்றான்,
வறுவலை மென்றுகொண்டே.

எனக்கு வேறு ஒரு பயம் பிடித்திருந்தது.
ஐந்தாம் வகுப்பில் திம்மராயன் என்றொருவன்.
ஆறு மணி ஆனால் சுவரைத் தடவித் தடவி நடப்பான்.
மாலைக்கண். நாங்கள் காலை நீட்டி விழ வைப்போம்.
இப்போது தினமும் ஷிஃப்ட் முடிந்து
ஸ்டாப்பில் இறங்கியதும்
போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நிற்கிறேன்.
சையது பாஷா மலையின் விளிம்பு தெரிகிறதா?
தெரிகிறது.
மேலே ஒற்றைப் பாறை? தெரிகிறது,
அல்லது அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

போன மாதம் லகுமம்மா கூப்பிட்டாள்.
என் நாத்தனார், அங்கன்வாடி டீச்சர்.
சொட்டு மருந்து நாள், ஆள் பத்தவில்லை,
வந்து பிள்ளைகளைப் பிடி.
மடியில் ஒரு வாலு,
பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான்.
ஸ்பூன் சிதறி என் உதட்டில்.
மூடிய அதே உதட்டில்.

நாக்கு போய்விட்டது, என்னைக் கேட்காமல்.
இனிப்பு. பின்னால் லேசாக எண்ணெய்.
சுழற்றினேன், பழக்கதோஷம்.
துப்ப வாளி இல்லை.
பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
இவள் என்ன செய்வாள் என்று.
விழுங்கினேன்.
அவன் வாயைத் திறந்தான்.

உதடு இன்னும் வெடிக்கவில்லை.
கீரையும் இன்னும் சேர்க்கவில்லை.
ஃபாக்டரியில் மட்டும்
நாற்பதில் ஒன்றிரண்டுக்கு
கையெழுத்தை முதலில் போட்டுவிடுகிறேன்.