எடைப்பாலம்

பகாவில் காற்றுக்கே எண்ணெய்ப் பிசுக்கு.
ஆலைப் புகை துணிக்கொடியில் வந்து உட்காரும்.
இந்த ஊரில் வைத்து
கொழுப்பைக் குறைங்கம்மா என்கிறார் டாக்டர் ஆங்,
ஸ்கேன் படத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகளைப்
பேனாவால் தொட்டுக்கொண்டே.

பெரியது ஒன்பது மில்லிமீட்டர்.
நான் டன் கணக்கில் நிறுப்பவள்.
குலையோடு லோரி ஏறும், எண் விழும்.
கொட்டிவிட்டு ஏறும், எண் விழும்.
கழித்தால் சரக்கு.
பதினேழு வருஷமாக வேறு கணக்கு தெரியாது.
ஒன்பது மில்லிமீட்டருக்கு எந்த முள்ளும் அசையாது.
ஆனால் சந்தனமேரி வீட்டு விருந்தில்
ரெண்டாவது தட்டு ஆட்டிறைச்சிக்குப் பிறகு
வலது விலாவுக்குக் கீழே
ஒரு லோரி ஏறி நின்றதே,
விடியும்வரை இறங்கவே இல்லையே.

எடுத்துடலாம், நாலு சின்னத் துளைதான்,
சிரம்பானில் தேதி வாங்கித் தர்றேன்.
நாலு துளை என்றதும்
குணாளன் முகம் போன போக்கில்
வலியோடும் எனக்குச் சிரிப்பு.

கரையாதா டாக்டர்?

சுண்ணாம்பு ஏறாத கல்தான், பார்க்கலாம்.
ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம்.
கரையாமலும் போகலாம்.
கரைந்தாலும் திரும்ப வரலாம்.
காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளித்தால்
அந்த நிமிஷமே ஓடி வரணும்.

இத்தனை 'லாம்' ஏற்றிக்கொண்டு
எந்த லோரியும் என் பாலத்துக்கு வந்ததில்லை.

மருந்துக் கவுண்டர் நூருல் ஹுடா சொன்னாள்:
முதலில் கரடியின் பித்தத்தில் கண்டார்களாம்,
இப்போது கூடத்தில் செய்கிறார்களாம்.
ஆக, காலையில் ஒரு கரடி, ராத்திரி ஒரு கரடி,
சாப்பாட்டுக்குப் பிறகு.
தேங்காய்ப்பால் போனால்
நாசி லெமாக்கும் வெறும் சோறு.

பித்தம் தலைக்கேறியவள் என்று
மாமியார் சொன்னது பாதி சரி.
தலைவரை ஏறவில்லை,
வழியிலேயே கட்டியாகிவிட்டது.

பதினோராம் மாதம்.
சில்லென்று களிம்பு. மூச்சை இழு. பிடி. விடு.
இரண்டைக் காணோம்.
மூன்றாவது நாலு மில்லிமீட்டர்,
நகர்வதாய் இல்லை.
எங்கே போச்சு ரெண்டும்?
கரைஞ்சு போச்சு, என்றார்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சீட்டு வாங்காமல்
என்னைக் கடந்து போன சரக்கு
அது ஒன்றுதான்.

சிரம்பான் தேதிக் கடிதம்
இழுப்பறையில், காலி ரசீதுகளுக்கு அடியில்.
குணாளன் கேட்டால் தொலைச்சிட்டேன் என்பேன்.

சன்னலுக்கு வெளியே ரஃபிக்குல்
பீசாங் கோரேங் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.
காகிதம் முழுக்க எண்ணெய்.
ஒண்ணே ஒண்ணு அக்கா, என்கிறான்.
ஒன்றின் எடை என்ன இருக்கும்?
பாலத்தில் லோரி ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.