மாதிரி

கொள்கலனின் முத்திரையை வெட்டியவர் செனவிரத்ன.
செவ்வாய்க்கிழமை, துறைமுகப் பின்முற்றம்,
மழை விட்டும் விடாத பத்து மணி.
முதலில் குளிர்ப்புகை வெளியே வந்ததாம்,
பிறகுதான் முந்திரிகை.
ஆயிரத்து நாற்பது பெட்டி.
முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று,
கடைசி மூலைக்குத் தவழ்ந்து போய் ஒன்று.
"வாசலிலேயே எடுத்தால் அது மாதிரி இல்லை, மிஸ்,
அது மரியாதை" என்பார்
கற்றுக்கொண்ட தமிழில்.

இரண்டு கிலோ என் மேசைக்கு வந்தது.
காம்பு நீக்கினேன். கழுவவில்லை.
சனம் கழுவாமல்தான் தின்னும் என்று
விதிக்கு எங்களை முன்பே தெரியும்.
உறையவைத்து அரைத்தால் ஊதாப் பனி.
அதில் பத்துக் கிராம் குழாய்க்குள் போகும்,
மீதி இலக்கத்தோடு தூங்கும்.

இயந்திரத்தின் முன் வரிசை:
அப்பிள், தோடம்பழம், பிறகும் அப்பிள்.
நடுவில் நைதரசன் தீர்ந்துபோய்
புதிய சிலிண்டர் வரச் சனிக்கிழமை.
கடிதம் காத்திருக்கும், பழம் காத்திருக்காது.
ஆயிரத்து முப்பத்தாறு பெட்டியும்
பேலியகொடையில் இறங்கி, விலை பேசி,
வெள்ளவத்தை, மருதானை, கொட்டாஞ்சேனை என்று
வழி பிரிந்துவிட்டன.

செனவிரத்னவுக்கு டெங்கு.

ஞாயிறு பின்னேரம் பெரியாஸ்பத்திரி வாசலில்
பஸ்லி நானாவின் தள்ளுவண்டி.
வெறுங்கையோடு நோயாளி பார்க்கப் போகிற ஊரா இது?
"எந்தப் பெட்டியில் வந்தது, நானா?"
எழும்பிக் காட்டினார்.
அதன் மேல்தான் இருந்துகொண்டிருந்தார்.
ஒட்டுத்தாளை மழை தின்று
எஞ்சியது ஒரு ஏழும் பாதி ஒன்பதும்.
அரைக் கிலோ வாங்கினேன்.
ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

எடுத்துப் பார்ப்பதும் மாதிரி,
அதைப்போலவே இருப்பதும் மாதிரி.
இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
வார்ட்டுக் குழாயடியில்
விரல் விறைக்கும்வரை கழுவினேன்.

கட்டில் தலைமாட்டில் அவருடைய தாள்:
நேற்று முப்பத்தெட்டாயிரம்,
இன்று ஐம்பத்தோராயிரம்.
"ஏறுது, மிஸ். உங்கட எண்?"
"இன்னும் வரவில்லை."
வாய்க்கு ருசி திரும்பிய முதல் நாளாம்.
ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்றார்,
எனக்கும் நீட்டினார்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

திங்கள் காலை
தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோட்டில்
பதினோராம் நிமிடம் ஓர் ஊசி எழும்பியது.
வரம்பின் ஒன்றரை மடங்கு.
திரும்ப ஓட்டினேன். அதே இடம், அதே உயரம்.
தொகுதியை மீளப்பெறுக என்று எழுதினேன்.
எங்கிருந்து என்ற கட்டம்
படிவத்தில் இல்லை.

அவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.
வண்டிப் பழம் அதுதானா என்று தெரியாது,
அதையும் சொன்னேன்.
தொலைபேசியில் வார்ட்டின் இரைச்சல் மட்டும்,
யாரோ தட்டு கழுவுகிற சத்தம்.
பிறகு கேட்டார்:
"நான் எத்தனை தின்றேன்?"

"பதினாலு."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.